‘இல்லை’ என்ற பதிலை நம்புவதற்கு முன்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மாதிரி எடுப்பது எப்படி, டேப்லெட்டில் பதிவது எப்படி என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், என்னைவிட நன்றாகவே. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவளைக் கூப்பிட்டு, “பசங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்” என்று கேட்டபோது எனக்கு ஒரே ஒரு சர்வேதான் ஞாபகம் வந்தது. ஒரு மாலை முழுக்க, ஊருக்கு நடுவில் நின்று, நான் ‘பொய்க்காரி’ என்று பேர் வாங்கின சர்வே. அதைச் சொல்கிறேன்.

நான் சித்தூர்க்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, எங்கள் பழைய மிஷன் சர்ச்சில் இரண்டும் கலந்து. அந்த இரண்டு மொழியை வைத்துத்தான் திருப்பதியில் கருத்தாய்வு செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடைசியில் ஃபீல்டு மேனேஜர் ஆனேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற பிள்ளைகளுக்கு நான்தான் பொறுப்பு.

கொரோனா அடங்கின பிறகு வந்த வேலை அது. டெல்லியில் இருந்த ஓர் ஆய்வு மையம் கொடுத்தது. மிசோரம், மணிப்பூர், நாகாலாந்து மாதிரி வடகிழக்கு மாநிலங்களில் இருந்து வந்து நம் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தெரியும் இல்லையா? திருப்பதி லாட்ஜுகளில், பியூட்டி பார்லர்களில், ஸ்ரீ சிட்டி பக்கத்துத் தொழிற்சாலைகளில். அவர்களை உள்ளூர்க்காரர்கள் எப்படி நடத்துகிறார்கள், இனப்பாகுபாடு இருக்கிறதா என்று அளந்து சொல்ல வேண்டும். கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி, யாரையோ வைத்துத் தெலுங்கில் மொழிபெயர்த்து எங்களுக்கு அனுப்பினார்கள். ஹிந்தி தெரிந்த பிள்ளைகள் அதைப் பார்த்து, அவர்களிடம் ஹிந்தியில் கேட்க வேண்டும்.

முதல் சுற்று முடிந்து பார்த்தால், இனப்பாகுபாடு நடந்ததா என்ற முக்கியமான கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் டைரக்டர் சாருக்குச் சந்தோஷம். நல்ல மனுஷர்தான், ஆனால் வாயில் எதுவும் நிற்காது. ஏதோ ஒரு விழாவில் பேசும்போது, “எங்கள் ஆய்வுப்படி இந்த ஊரில் இனப்பாகுபாடு என்பதே இல்லை” என்று சொல்லிவிட்டார். மறுநாள் பேப்பரில் பெரிய எழுத்தில் வந்துவிட்டது.

அங்கே ஆரம்பித்தது சண்டை. ஊரில் பெரிய லாட்ஜ் வைத்திருந்த பிரபாகர் என்பவர், “பார்த்தீர்களா, எங்கள் ஊர் எல்லாரையும் வரவேற்கிற ஊர்” என்று பேட்டி கொடுத்தார். தொழிலாளர் வழக்குகள் நடத்துகிற சரளா என்ற வக்கீல், “யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள்? இது பொய் சர்வே” என்று எழுதினார். உள்ளூர் டிவியில் தினம் இதே பேச்சு. கடைசியில் ஒரு கல்லூரிக்காரர்கள், இரண்டு தரப்பையும் வைத்துப் பொதுக் கூட்டம் நடத்துகிறோம், சர்வே எடுத்தவர்களும் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள்.

எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால், பதிலைப் பார்க்காதீர்கள், கேள்வியைப் பாருங்கள். இதை நான் யாரிடமும் படிக்கவில்லை. ரொம்ப நாள் தெருவில் நடந்து தெரிந்துகொண்டது. இரண்டாம் சுற்றுக்கு நானும் வருகிறேன் என்று யுவராஜோடு கிளம்பினேன்.

யுவராஜ் நகரி பக்கத்துத் தமிழ்ப் பையன். விவசாயக் குடும்பம். பெங்களூரில் ஒரு மாலில் கொஞ்ச காலம் வேலை செய்ததால் ஹிந்தி நன்றாக வரும். அதனால்தான் அவனை இந்த வேலையில் போட்டிருந்தோம். சத்தியவேடு பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில், தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் சிலர் வாடகைக்கு இருந்தார்கள். அங்கேதான் ருவாத்தியைப் பார்த்தேன். மிசோரம் பெண். ஷிப்ட் முடித்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவள், எங்களை உள்ளே கூப்பிட்டுப் பாயை விரித்தாள். முதல் வேலையாக, “என் பேர் வெளியே போகுமா?” என்று கேட்டாள்.

“போகாது. உன் பேர், இந்த வீடு, வேலை செய்யற இடம், எதுவுமே போகாது” என்றேன். எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம்தான். நீங்களும் தினம் சொல்லப்போகிறீர்கள்.

யுவராஜ் டேபைப் பார்த்து, தெலுங்குக் கேள்வியை மனசுக்குள்ளேயே ஹிந்தியாக்கிக் கேட்டான். அவள் சிரித்துவிட்டாள். “எங்களில் ஜாதியே கிடையாது. நாங்கள் கிறிஸ்தவர்கள்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேபை வாங்கிப் பார்த்தேன். தெலுங்கில் ‘ஜாதி விவக்ஷ’ என்று இருந்தது. விவக்ஷ என்றால் பாகுபாடு. தெலுங்கில் ஜாதி என்றால் இனம். நம் ஜாதிக்கு அவர்கள் ‘குலம்’ என்பார்கள். மொழிபெயர்த்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, தெலுங்கு சரியான தெலுங்கு. ஆனால் தமிழ்க் காதில் விழுந்தாலும் ஹிந்தியில் சொன்னாலும் ஜாதி என்பது ஜாதிதான். இனத்தைப் பற்றிக் கேட்பதாக நினைத்து, மிசோரம் பெண்ணிடம் போய், ஜாதி பார்த்து யாராவது ஒதுக்கினார்களா என்று கேட்டிருக்கிறோம். ‘இல்லை’ என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வாள்? (கிறிஸ்தவர்களில் ஜாதி கிடையாது என்று அவள் சொன்னபோது ஜாதிவாரியாகப் பிரித்துச் சுவர் வைத்த எங்கள் சர்ச் கல்லறைத் தோட்டம் என் கண் முன்னால் வந்து போனது. அது வேறு கதை.)

“இன்னா மேடம் ஆச்சு?” என்றான் யுவராஜ். “தெலுங்குல ஜாதினுதானே போட்டுக்கினு இருக்குது?”

“அதான் ஆச்சு” என்றேன்.

சரி, நேராகவே கேட்டுவிடலாம் என்று, அவளுக்குப் புரிகிற ஆங்கிலத்திலேயே ‘ரேசிசம்’ என்ற வார்த்தையைச் சொல்லி, உனக்கு அது நடந்திருக்கிறதா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். “இல்லை ஆன்ட்டி. அது வெளிநாட்டில் நடக்கிறது. வெள்ளைக்காரர், கறுப்பர், அதுதானே?”

வார்த்தையைத் திருத்தியும் அதே ‘இல்லை’. அந்த இடத்தில் எழுந்து வந்திருந்தால் எங்கள் டைரக்டர் சொன்னது சரிதான் என்று ஆகியிருக்கும். யுவராஜ் எழுந்தேவிட்டான். நான் டேபை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு, போன வாரம் எப்படிப் போனது, கடைக்குப் போனாயா, பஸ்ஸில் போனாயா என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள், புகார் மாதிரி இல்லை, சும்மா கதை மாதிரி. தெருப் பையன்கள் ‘சைனா, சைனா’ என்று கத்துவார்கள். கொரோனா நேரத்தில் ஒரு கடைக்காரர் இவளைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கினார். இன்னொரு கடை அம்மா மட்டும் தினம் கருவேப்பிலை சும்மா கொடுப்பாள். முன்பு இருந்த ஹாஸ்டலில் ஒரு போன் காணாமல் போனது. வார்டன் இவர்கள் அறைக்கு மட்டும் வந்து எல்லாப் பைகளையும் திறந்து கொட்டச் சொன்னார். மற்ற அறைகளில் கேட்கவேயில்லை. போன் அப்புறம் எங்கேயோ கிடைத்தது. ஆனால் இவளுடைய சிநேகிதி ஒருத்தி, உள்ளாடை வரைக்கும் எல்லார் முன்னாலும் கொட்டினார்களே என்று அழுது, வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டாள்.

யுவராஜ் மெல்ல மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

“இதெல்லாம் நடந்திருக்கு. அப்புறம் ஏன் இல்லைன்னு சொன்ன?” என்றேன்.

“சல்தா ஹை ஆன்ட்டி. இதெல்லாம் நடக்கிறதுதான்” என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, “இதற்குப் பேர் ரேசிசமா? எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததை நான் சொன்னேன். பேர் வைக்க வேண்டியது கேட்கிறவர்கள்தானே?” என்றாள்.

திரும்பி வரும்போது யுவராஜ் டேபைப் பைக்குள் வைத்தான். பிறகு, “ஆனா மேடம், சைனான்னு கூப்புட்றது சும்மா தமாசுக்கு. நானே கூப்ட்ருக்கறேன்” என்றான்.

“பெங்களூர்ல உன்னை என்னான்னு கூப்பிட்டாங்க?”

அவன் முகம் சுருங்கியது. “கொங்கான்னுவாங்க, நம்ம தமிழ் ஆளுங்கள அங்க அப்டித்தான் கேலி பண்ணுவாங்க. எவன் வந்து சொன்னாலும் எனக்குப் புடிக்காது.”

“உன்னை நான் ‘பாகுபாடு நடந்ததா’ன்னு கேட்டிருந்தா?”

“இல்லைன்னுதான் மேடம் சொல்லிருப்பேன். மானம் போவுது இல்ல?”

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ‘இல்லை’க்குள் வார்த்தை புரியாமை இருக்கலாம், பழகிப்போனது இருக்கலாம், பயம் இருக்கலாம், மானமும் இருக்கலாம். உண்மையிலேயே ஒன்றும் நடக்காததும் இருக்கலாம். எது என்று நாமாக ஊகிக்கக் கூடாது. வேறு கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுநாள் டைரக்டர் சாரிடம் போய், முதல் சுற்றை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும் என்றேன்.

“ஏமம்மா கிரேஸ், பேப்பரில் வந்துவிட்டது. இப்போது மாற்றினால் நாமே நம்மைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி ஆகும். கூட்டம் வேறு வருகிறது” என்றார்.

“மாத்தலைன்னா நிஜமாவே பொய்யன் ஆவோம் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “என்ன கேட்கப் போகிறாய்?” என்றார்.

இரண்டு விதமாகவும் கேட்போம் என்றேன். அந்தப் பெரிய வார்த்தையைச் சரியான மொழியில் ஒரு தடவை. பிறகு வார்த்தையே இல்லாமல், நடந்ததை மட்டும்: வாடகைக்கு இடம் மறுத்தார்களா, கடையில் பொருள் தர மறுத்தார்களா, ஏதாவது காணாமல் போனால் முதலில் யாருடைய பையைத் திறந்தார்கள். அவர் டெல்லிக்காரர்களிடம் பேசி ஒப்புதல் வாங்கினார். அந்தத் தைரியத்துக்காக அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

விஷயம் எப்படியோ வக்கீல் சரளாவுக்குத் தெரிந்து, ஆபீஸுக்கே வந்துவிட்டார். சந்தோஷமாகத்தான் வந்தார். நான் எழுதி வைத்திருந்த கேள்விகளைப் பார்த்ததும் முகம் மாறியது. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும், ‘உங்களோடு வேலை செய்கிற உள்ளூர்க்காரர்களுக்கும் இதே நடந்ததா?’ என்று ஒன்று சேர்த்திருந்தேன்.

“இது எதற்கு?” என்றார்.

“திருப்பதியில கறி மீன் சமைக்கிறவங்களுக்கு வீடு இல்லைன்னு சொல்ற ஓனர் நிறையப் பேர் இருக்காங்க மேடம். கறி துன்ற எங்க ஆளுங்களுக்கும் இல்லைன்னுதான் சொல்றாங்க. எனக்கே சொல்லிருக்காங்க. அதை இனப்பாகுபாட்டுல சேர்த்தா பிரபாகர் சார் ஒரே நிமிஷத்துல கிழிச்சிடுவாரு. உள்ளூர்க்காரிக்குக் குடுத்து, மிசோக்காரிக்கு இல்லைன்னா, அப்ப அது வேற.”

“அடிபட்டவளையே நிரூபிக்கச் சொல்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?”

அது நியாயமான கேள்வி. நான் அதை யோசிக்கவில்லை. ‘தெரியாது’ என்று ஒரு பதிலைத் தனியாகச் சேர்த்து, அதைத் தனியாகவே காட்டுகிறேன் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதுச் சுற்று தொடங்கியதும் இன்னொரு சிக்கல். யாரும் பேசவில்லை. பேப்பர், டிவி எல்லாம் பார்த்திருந்தார்கள். கதவைத் திறந்து, சர்வே என்று சொன்னதும் மூடினார்கள். வீட்டு ஓனர் என்ன நினைப்பாரோ, வேலைக்கு எடுத்த காண்ட்ராக்டர் என்ன செய்வாரோ என்ற பயம். கொஞ்சம் பேர்தான் பேசியிருந்தார்கள், அதற்குள் கூட்டத்து நாள் வந்துவிட்டது.

கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் பிரபாகர், சரளா, டைரக்டர், நான். பேச்சு எல்லாம் தெலுங்கில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். டைரக்டர் முதலில் எழுந்து, முதல் சுற்றில் மொழிபெயர்ப்பு சரியாகப் போய்ச் சேரவில்லை, அதை ஒதுக்கிவிட்டோம் என்று சொன்னார். அரங்கத்தில் பெரிய சத்தம். மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் எழுந்து பார்த்தேன். பின் வரிசையில் ருவாத்தி இருந்தாள். இரண்டு சிநேகிதிகளோடு, கதவுக்குப் பக்கத்தில்.

மொழிபெயர்ப்பு விஷயத்தை விளக்கி, புதுக் கேள்விகளையும் வாசித்துக் காட்டினேன். பிறகு, “இங்கே சென்னையில் படித்தவர்கள் யார்?” என்று கேட்டேன். நிறையக் கைகள். பிரபாகரும் தூக்கினார். “அங்கே உங்களுக்கு இனப்பாகுபாடு நடந்ததா?” ஒரு கையும் இல்லை. “உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்?”

“கொல்டி!” என்று எங்கிருந்தோ ஒரு குரல். அரங்கமே சிரித்தது. தெலுங்குக்காரர்களைச் சென்னையில் கேலியாகச் சொல்வது அது.

பிரபாகரும் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். “அம்மா, அதெல்லாம் கிண்டல். என்னையும் சொன்னார்கள். மெஸ்ஸில் எங்களுக்குத் தனி மேஜை, கடைசிச் சாப்பாடு. அதையெல்லாம் தாண்டி வந்துதான் நான் லாட்ஜ் கட்டினேன். இதற்கெல்லாம் இனவெறி என்று பேர் வைத்தால் உலகத்தில் யாரும் பேசவே முடியாது.”

“பேர் இருக்கட்டும் சார். தனி மேஜை இருந்ததா, இல்லையா?”

“இருந்தது” என்றார்.

“நாங்கள் கேட்பது அதைத்தான். இருந்ததா என்று. எத்தனை பேருக்கு இருந்தது, உள்ளூர்ப் பையன்களுக்கும் இருந்ததா என்று. அதற்கு என்ன பேர் என்று ஊர் கூடிப் பேசட்டும்.”

இங்கேயே முடிந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். சரளா எழுந்தார். “பேர் வைக்காவிட்டால் சட்டம் எப்படித் தொடும்? பேர் வைக்கப் பயப்படுகிற சர்வேயால் யாருக்கு லாபம்?” என்றார். அவருக்கும் கைதட்டல். எங்கள் வேலை எண்ணுவது, பேர் வைப்பதற்கு எண்ணிக்கை வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரபாகர் மறுபடி எழுந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

“பையைத் திறந்தார்கள் என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்களே. அப்படி எங்கே நடந்தது? எந்த லாட்ஜ், எந்த ஹாஸ்டல்? பேரைச் சொல்லுங்கள், நாளைக்கே நானே போய்க் கேட்கிறேன். நடந்திருந்தால் அந்தப் பெண்ணின் காலில் விழுகிறேன். நடக்கவில்லை என்றால் நீங்கள் எங்கள் ஊரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.”

அரங்கம் எழுந்துவிட்டது. “பேரைச் சொல்லு!” என்று கத்தினார்கள். சரளாவும் என் பக்கம் குனிந்து, “சொல்லுங்கள். நான் அவர்களுக்குப் பாதுகாப்பு வாங்கித் தருகிறேன்” என்றார். டைரக்டர் என் காதில், “ஹாஸ்டல் பேரை மட்டும் சொல்லிவிடு அம்மா, ஆள் பேர் வேண்டாம்” என்றார். டிவி கேமரா என் முகத்துக்கு நேராக வந்துவிட்டது.

ஹாஸ்டல் பேரைச் சொன்னால், அங்கே இருந்த மிசோப் பெண்கள் யார் யார் என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊருக்குப் போனவளை விடுங்கள். இங்கே இருப்பவள் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், அதே காண்ட்ராக்டர் வண்டியில்.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே பயம் என் கண்கள்தான். பழக்க தோஷத்தில் கதவுப் பக்கம் திரும்பிவிடுமோ என்று. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே கேமராவும் திரும்பும். பிரபாகரின் சட்டைப் பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

“அப்படியானால் நடக்கவில்லை!”

“நடந்ததா இல்லையா என்று எண்ணி முடித்ததும் அறிக்கையில் வரும். யாருக்கு நடந்தது என்பது எப்போதும் வராது. இங்கே நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டாலும் வராது. இன்றைக்கு ஒரு பேரைச் சொன்னால், நாளையிலிருந்து இந்த ஊரில் யாரும் எந்த சர்வேக்கும் உண்மை பேச மாட்டார்கள். உங்களிடம் நாங்கள் கேள்வி கேட்க வந்தாலும் இதே வாக்குறுதிதான் சார்.”

என் குரல் கூச்சலில் முங்கிப்போனது. ‘பொய்க்காரி’ என்று யாரோ கத்தினார்கள். மறுநாள் பேப்பரில், ஆதாரம் கேட்டதும் சர்வே அதிகாரி திணறல் என்று என் போட்டோவோடு வந்தது. சித்தூரிலிருந்து தம்பி போன் செய்து, “உனக்கு இது தேவையா அக்கா?” என்றான். டைரக்டர் என்னோடு பேசவில்லை. யுவராஜ் மட்டும் டீ வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்துவிட்டு, “ஃபீல்டுக்குப் போலாமா மேடம்?” என்றான்.

போனோம். கதவுகள் மூடியே இருந்தன. மூடின கதவுகளைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாளும் அதே தெருவுக்குப் போனோம். அவமானப்பட்ட பிறகு செய்யக்கூடிய நல்ல காரியம் மறுநாள் அதே வேலைக்குப் போவது. வேறு மருந்து எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்து ருவாத்தி போன் செய்தாள்.

“அன்றைக்கு நான் அரங்கத்தில் இருந்தேன் ஆன்ட்டி.”

“தெரியும்.”

“அவர்கள் பேரைக் கேட்டுக் கத்தினபோது நீங்கள் ஒரு தடவை என்னைப் பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பேன். எழுந்து பேச வேண்டும் என்றுதான் வந்தேன். சிநேகிதிகள் கையைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆனால் நீங்கள் திரும்பவே இல்லை. எல்லோரும் அப்படித் திட்டியும் திரும்பவில்லை. மறுநாள் எப்போதும் போல வேலைக்குப் போனேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.”

“நல்லது” என்று மட்டும் சொன்னேன்.

“அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜெபக் கூட்டம் முடிந்ததும் வாங்க. டிவியில் பார்த்த எல்லோரும் பேசுகிறோம் என்று சொல்கிறார்கள். மணிப்பூர்க்காரர்களும் வருவார்கள். அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வாங்க, ஹிந்தி நன்றாகப் பேசுகிறான்.”

அன்றைக்கு ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஒரு வீட்டில் இருந்தவர்கள் அடுத்த வீட்டுக்குச் சொன்னார்கள். திருப்பதி லாட்ஜுகளில் வேலை செய்கிற பையன்கள் தாங்களாகவே போன் செய்தார்கள். ஒன்றுமே நடக்கவில்லை, இங்கே நன்றாகவே இருக்கிறேன் என்று சொன்னவர்களும் நிறைய. அதையும் அப்படியே பதிந்தோம்.

எல்லாம் முடிந்ததும் கடைசிப் போராட்டம். டெல்லிக்காரர்கள் அறிக்கையின் அட்டையில் போட ஒரே ஒரு எண் வேண்டும் என்றார்கள். பேப்பர்காரர்களுக்கு அது வசதி. வார்த்தையைச் சொல்லிக் கேட்ட கேள்விக்கு ‘ஆம்’ என்றவர்கள் கொஞ்சம் பேர். நடந்ததைக் கேட்டபோது ‘ஆம்’ என்றவர்கள் அதைவிட மிக அதிகம். தங்களுக்கு நடந்தது உள்ளூர்க்காரருக்கு நடக்கவில்லை என்று தெரிந்து சொன்னவர்கள் இரண்டுக்கும் நடுவில். எந்த ஒன்றைப் போட்டாலும் ஒரு பக்கத்துக்குக் கொண்டாட்டம்.

நான் முடியாது என்றேன். போட்டால் எல்லாவற்றையும் சேர்த்துப் போட வேண்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே அந்தக் கேள்வியை முழுசாக அச்சடிக்க வேண்டும். டெல்லிக்காரர்கள் டைரக்டரைக் கூப்பிட்டு, உங்கள் ஃபீல்டு மேனேஜர் எல்லை மீறுகிறார் என்றார்கள். அதுவரை என்னோடு சரியாகப் பேசாமல் இருந்தவர், ஸ்பீக்கரில் போட்டு என் முன்னாலேயே பதில் சொன்னார்: “எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லி ஒரு தடவை நான் பட்டது போதும். அந்த அம்மா சொன்ன மாதிரியே போடுங்கள். இல்லையென்றால் எங்கள் பேரை எடுத்துவிடுங்கள்.”

போட்டார்கள். சரளா, தைரியமில்லாத அறிக்கை என்று எழுதினார். பிரபாகர், ஊரைக் கெடுக்கிற அறிக்கை என்றார். ஆனால் டிவியில் நடந்த விவாதத்தைக் கேட்டேன். சர்வே பொய்யா நிஜமா என்ற பேச்சே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவது எதில் சேரும், வீடு மறுப்பது எதில் சேரும், பையைத் திறப்பது எதில் சேரும் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பிரபாகர் ஒரு கட்டத்தில், “கேலியை விடுங்கள். ஒரு அறையை மட்டும் சோதனை போடுவதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் லாட்ஜில் அப்படி நடந்தால் மேனேஜர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்றார். இனவெறி என்ற வார்த்தையை அவர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சரளா அதை விடவும் இல்லை. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, சீக்கிரம் முடியும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இப்போது அவர்கள் சண்டை போடுவது நடந்ததை வைத்து.

நீங்களும் போகப்போகிற வீடுகளில் ஜாதி, மதம், மொழி, நிறம், பெண் என்பது என்று எதையாவது கேட்கத்தான் போகிறீர்கள். மேலே இருப்பவர்கள் உங்களிடம் ஒரே எண் கேட்பார்கள். ஊர் உங்களிடம் ஒரு பேர் கேட்கும். இரண்டையும் கொடுக்காதீர்கள். அதற்காகத் திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுநாள் அதே தெருவுக்குப் போங்கள்.

ஒருவர் ‘இல்லை’ என்று சொன்னால் ‘இல்லை’ என்றே பதியுங்கள். அது அவருடைய பதில், திருத்த நமக்கு உரிமை கிடையாது. பதிந்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.